சாளரத்தில் ஒரு ஹோயா: தை முதல் ஐப்பசி வரை

தை

சென்னை அடுக்குமாடி வீடொன்றின் கிழக்குச் சாளரத்தில், தொங்கு தொட்டியில் வளரும் இக்கொடி, பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட ஹோயா பூபிகாலிக்ஸ் என்னும் இனமாகும். நார்தம்பர்லாந்து கோமகனின் சையன் மாளிகைத் தோட்டத்தைப் பேணிய தாமஸ் ஹோய் என்பவரின் நினைவாக, இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார் 1810இல் ஹோயா என்ற பேரினத்தை நிறுவினார். இன்று 300க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அப்பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அயலன்று. ஹோயா கன்யாகுமரியானா என்றே பெயர் பெற்ற இனம் ஒன்று அங்கு உண்டு.

எனினும் இச்செடியைப் புரிந்துகொள்ள எருக்கைத் துணைக்கொள்வதே எளிது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் கிள்ளினால் பால் வடியும். எருக்கு தரையில் வேரூன்ற, ஹோயாக்களில் பெரும்பாலானவை தொற்றுத்தாவரங்களாக, அதாவது மரத்தின் மேல் ஒட்டி வளர்ந்தும் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சாதவையாக வாழ்கின்றன. மரப்பட்டையில் காற்றோட்டத்துடன் வாழப் பழகிய வேரைக் கனத்த செம்மண்ணில் புதைப்பது அதை அழுகவிடுவதற்கே ஒப்பாகும். ஆதலால் தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, சிறிதளவு மட்கிய தொழுவுரம் ஆகியவை கலந்த, நீர் தங்காத ஊடகமே இதற்கு ஏற்றது.

பங்குனி

வெயில் ஏற ஏற, இலையற்ற நீண்ட தளிர்கள் கொடியிலிருந்து நீள்கின்றன. இவை பற்றுக்கோடு தேடிக் காற்றில் மெல்லச் சுழல்பவை. எதையேனும் பற்றிய பின்னரே கணுக்களில், அதாவது இலை தோன்றும் மூட்டுகளில், இலைகள் பருக்கத் தொடங்கும். காய்ந்த குச்சியெனக் கருதி இவற்றை வெட்டிவிடுவோர் பலர். வெட்டுவதைக் காட்டிலும் கம்பி வளையம் ஒன்றைச் செருகி அதில் சுற்றிவிடுவது நன்று.

சித்திரை

கத்திரி வெயில் நெருங்கும்போது நண்பகல் ஒளியை மெல்லிய திரை ஒன்றால் தடுக்க வேண்டியிருக்கிறது. காலை இளவெயிலோ கொடிக்குத் தீங்கு செய்வதில்லை, மாறாக அதுவே மொட்டுக்கு வித்திடுகிறது. ஒளி குறைந்த கூடத்தின் மூலையில் ஆண்டுக்கணக்கில் பசுமையாக நின்றும் பூக்காத ஹோயாக்களுக்கு உரம் தேடி அலைவது வீண்வேலை.

இலையின் தடிப்புக்கும் காரணம் உண்டு. தடித்த இலையுடைய ஹோயாக்கள் பல, நீரிழப்பைத் தவிர்ப்பதற்காக, இலைத்துளைகளைப் பகலில் பெரிதும் மூடி இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்று, அதை அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் ஒளியில் உணவாக்கிக்கொள்கின்றன. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் கையாளும் இம்முறை, ஊடகம் நன்கு உலர்ந்த பிறகு நீர் ஊற்றுவதே போதும் என்பதை விளக்குகிறது.

ஆனி

குட்டையான பூக்காம்பின் நுனியில், ஒரே புள்ளியிலிருந்து விரியும் சிறு காம்புகளில், கருஞ்சிவப்புப் பூக்கள் குடைபோல் குழுமி மலர்ந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ்களாலான விண்மீன் வடிவமும், அதன் நடுவே மகுடம் எனப்படும் ஐந்து கூறுடைய பளபளப்பான உறுப்பும் உள்ளன. எருக்கம்பூவின் நடுவிலும் இத்தகைய மகுடத்தையே காண்கிறோம். மகரந்தமும் இரண்டிலும் தூளாக இராமல் மெழுகுத்திரளாகக் கட்டுண்டு, வரும் பூச்சியின் காலிலோ வாயுறுப்பிலோ ஒட்டிச் செல்கிறது. எருக்குக்குத் தச்சு வண்டு இப்பணியைச் செய்ய, ஜப்பானின் அமாமி தீவில் ஹோயா கார்னோசா என்ற இனத்துக்கு இராப்பூச்சி ஒன்று செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இங்கும் மணம் பொழுது சாய்ந்த பின்னரே கூடுவது இரவு விருந்தினரைக் கருதியதாகலாம். சிலருக்கு அம்மணம் தலைவலியைத் தரக்கூடும். கூடத்தில் வைப்பதே படுக்கையறையில் வைப்பதைவிட அறிவுடைமை. சொட்டும் தேன் தரையில் பிசுபிசுப்பதையும் எறும்புகள் அணிவகுப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆவணி

பூக்கள் உதிர்ந்துவிட்டன, காம்பு எஞ்சியிருக்கிறது. ரோஜாவை வளர்த்துப் பழகிய கை உடனே கத்தரிக்கோலைத் தேடும். ஆனால் ஹோயாவின் பூக்காம்பு ஒருமுறைக்கு மட்டும் உரியதன்று. அடுத்த பருவத்தில் அதே நுனியிலிருந்து மீண்டும் மொட்டுகள் தோன்றும் என்பதால், அதை வெட்டுவது வருங்காலப் பூக்களை வெட்டுவதாகும்.

இளந்தளிர்களில் கருங்கால்களையுடைய மஞ்சள் அசுவினிகள் கூடியிருக்கின்றன. எருக்கஞ்செடியை மொய்க்கும் அதே பூச்சி, உறவுமுறையை நன்கறிந்து இங்கும் வந்திருக்கிறது. நீரைப் பீய்ச்சிக் கழுவிய பின் சவர்க்காரம் சிறிது கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிப்பது போதுமானது. இலைக்கணுவில் பதுங்கும் மாவுப்பூச்சிக்கோ பஞ்சால் துடைத்தெடுக்கும் பொறுமை தேவைப்படும்.

ஐப்பசி

வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் ஊடகம் எளிதில் உலர்வதில்லை. நீரைப் பெரிதும் குறைக்கும் காலம் இது. வெட்டுத்தண்டு நடுவதற்கும் இம்மாதம் ஏற்றது. இரு கணுக்களேனும் கொண்ட துண்டில் பால் வடிந்து உலர்ந்த பின், கீழ்க்கணுவை ஈரமான தென்னைநார்த்தூளில் பதித்தால் சில வாரங்களில் வேர் விடும். காதலர் தினத்தையொட்டிச் சிறு தொட்டியில் விற்கப்படும் ஹோயா கெர்ரியின் இதய வடிவ ஒற்றை இலைக்குப் பெரும்பாலும் புதிய கொடியாக வளரும் வாய்ப்பு இல்லை. கணுவின் திசு ஒட்டாத அவ்விலை வேர்விட்டு ஆண்டுகள் பல பசுமையாக இருப்பினும் கொடியாவதில்லை என்பதை விற்பவர் சொல்வது அரிது.