விருத்தாசலம்: மண், சூளை, 33 வார்டுகள்

கடலூருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது விருத்தாசலம். கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கும் ஆறு ஊரை ஒட்டி ஓடி, தென்கிழக்கே கூடலையாற்றூர் அருகே வெள்ளாற்றில் கலக்கிறது. கடற்கரை மாவட்டத்து ஊர்தான். ஆனால் கடலின் சாயல் இங்கே எட்டவில்லை. செம்மண் மேடுகளில் முந்திரியும் மல்லாட்டை எனும் நிலக்கடலையும், தண்ணீர் வசதியுள்ள இடங்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி, நிலக்கடலை ரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரில் வெளி மாவட்டங்களுக்கும் போயிருக்கின்றன. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சுற்றுவட்டாரமே மூட்டைகளோடு வந்து சேரும்.

தேவாரம் திருமுதுகுன்றம் என்று பாடிய தலம் இது. செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய பழமலைநாதர் கோயில்தான் ஊரின் நடுநாயகம். மாசி மகத்தின்போது கூட்டம் ஆற்றங்கரை வரை நிறைந்துவிடும். பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். தீராத வழக்கையும் மனக்குறையையும் தாளில் எழுதிக் கட்டிவிட்டுப் போவதை இங்கே ‘பிராது கட்டுவது’ என்பார்கள்.

விழுப்புரம்–திருச்சி பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் ரயில் சந்திப்பு விருத்தாசலம். கடலூர் பாதையிலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-இல் அங்கே நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எட்ட, அதன்மேல் கிடக்கும் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணோடு பீங்கானுக்கு உகந்த களிமண்ணும் வெளியே வந்தது. அதை நம்பித்தான் மாநில அரசு விருத்தாசலத்தில் செராமிக் மையத்தையும் தொழிற்பேட்டையையும் அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு தரும் கல்வி நிறுவனமும் ஊருக்கு வந்தது.

களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் சேர்த்து, தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அந்தக் கூழை ஊற்றினால், அச்சு ஈரத்தை உறிஞ்ச, உள்சுவரில் மண் ஏடாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்து, உருவத்தை எடுத்து, அச்சின் விளிம்புக்கோடு தெரியாமல் ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, மெருகுக் கலவை பூசுவார்கள். சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஃபெல்ஸ்பார் உருகி மற்ற துகள்களைப் பிணைக்கும். சூடு ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் பிசகினால் பாண்டம் விரிசல் விடும். தனியாகச் சூளை வைக்க வசதியில்லாத சிறு பட்டறைகளுக்குப் பொதுச் சூளைதான் ஆதாரம்.

கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்சாரத்துக்கு ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் என இங்கிருந்து போன சரக்கு பலவகை. வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு பீங்கான் ஃபியூஸுக்குத் தேவை சுருங்கியது. ஊறுகாய் ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. டாசெல் என்ற அரசு பீங்கான் நிறுவனமும் மூடப்பட்டது. விளக்கும் பொம்மையும்தான் பல பட்டறைகளுக்கு இன்று கைகொடுக்கின்றன.

இந்த ஊரை ஆள்வது யார்? 2011 கணக்கெடுப்பில் 73 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள். 33 வார்டுகள் கொண்ட நகராட்சி. உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்க, தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் ஆணையர் கையில். குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, சொத்துவரி எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. ஆனால் ரயிலும் நெய்வேலியும் ஒன்றிய அரசுடையவை. தொழிற்பேட்டை மாநிலத் தொழில் துறைக்கும், கோயில் அறநிலையத் துறைக்கும், ஆறு நீர்வளத் துறைக்கும் உரியவை. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் பெரும்பாலானவை ஊர் மன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கின்றன. அந்த மன்றமும் தமிழகத்தின் மற்ற நகரங்களைப்போலவே 2016 முதல் 2022 வரை தேர்தலின்றி, தனி அலுவலர் பொறுப்பில் கிடந்தது.

விருத்தாசலத்தை மாவட்டத் தலைநகராக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்தபோது கடலூரும் விழுப்புரமும் தலைநகரங்களாயின. விருத்தாசலம் கோட்டத் தலைமையிடமாகவே தொடர்ந்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் ஆட்சியர் அலுவலகம் வரும்வரை காத்திருக்க முடியாத வேலைகள் இரண்டு. ஒன்று, மணிமுத்தாறு. ஊரின் கழிவுநீர் அதில்தான் போய்ச் சேர்கிறது. அதைச் சுத்திகரித்து விடுவது நகராட்சியின் கடமை. மற்றொன்று, பீங்கான். சூளைக் கட்டணச் சலுகை, மண் வரத்து, புதிய வடிவங்களுக்கான பயிற்சி ஆகியவற்றைத் தொழில் துறைதான் தர முடியும். அவற்றைக் கேட்டு வாங்க ஊர் பேச வேண்டும்.

பேசுவதற்கு இடமும் இருக்கிறது. 2022 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் சூளைத் தொழிலாளியின் பிராதும் பதிவாகட்டும். நகர்மன்றம் அதைத் தீர்மானமாக்கித் துறைக்கு அனுப்பட்டும். மற்றத் துறைகளுக்கு உத்தரவிட மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் ஊரின் சார்பில் உரக்கக் கேட்கும் உரிமை, மக்கள் வாக்களித்து அமைத்த அந்த மன்றத்துக்கு முழுமையாக உண்டு.