இறவாரத்தில் இருந்த இரும்பு

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது, முல்லை நிலத்துப் புன்செயைச் சொல்லுமிடத்தில் 'துளர்' என்றொரு சொல் வரும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதற்குக் களைக்கொட்டு என்று பொருள் தருகிறது. மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், நாமும் அடுத்த அடிக்குப் போய்விடுவோம். களைக்கொட்டு எவ்வளவு நீளம், வாய் அகலமா குறுகலா, நின்று பிடிப்பதா உட்கார்ந்து பிடிப்பதா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது, பண்டம் கிடைப்பதில்லை.

சென்ற ஆவணியில் நமக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறு. கோவில்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம் சாலையிலிருந்து உள்ளே போகும் சிற்றூரில் நம் பழைய வீட்டைப் பிரித்தார்கள். அடுக்களைப் பக்கத்து இறவாரத்தில் பண்ணரிவாள் இரண்டு, ஒரு தொரட்டிக் கொக்கி, அவற்றோடு இன்னொரு சிறு கருவியும் செருகியிருந்தது. முதல் மூன்றும் எவர்க்கும் தெரிந்தவை. நான்காவதைப் பார்த்தவர் எவரும் உறுதியாக ஒரு பெயர் சொல்லவில்லை.

கருவியின் தோற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மொத்தம் ஒரு சாண் நீளம். உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி; பிடியின் வாயில் இரும்புப் பூண். அதிலிருந்து கழுத்து வளைந்து இறங்கி, இரு விரற்கடை அகலத்தில் தட்டையான அலகாக முடிகிறது. அலகின் ஒரு மூலை மட்டும் நன்றாகத் தேய்ந்து, விளிம்பு சாய்கோடாக நிற்கிறது. பிடியோ கைபட்டுக் கைபட்டுப் புளியங்கொட்டைபோல் வழவழப்பாகிவிட்டது.

நம் கல்லூரித் தாவரவியல் நண்பர் தம் கைபேசியில் படம் எடுத்துத் தேடினார். அது முதலில் காட்டியது கொரியாவின் 'ஹோமி'. அந்நாட்டு உழவர் குந்தியிருந்து களையெடுக்கும் வளைகழுத்துக் கருவி அது. 2018 வாக்கில் அமேசான் வழியே அமெரிக்கத் தோட்டக்காரர்களிடையே பரவிப் புகழ்பெற்றது. அடுத்து வந்தது வடஇந்தியாவின் 'குர்பி'. இரண்டும் நம் கருவிக்கு உறவுமுறைதான், ஐயமில்லை. ஆனால் கரிசல் காட்டு இரும்புக்குக் கொரிய மொழியில் பெயர் கிடைத்ததும், தமிழில் கிடைக்காததும் நம்மை உறுத்தின. படமாக ஏற்றப்பட்டவற்றைத்தானே கைபேசி அறியும்?

கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி நினைவுக்கு வந்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் இருந்துகொண்டு, ஊர்வாய்ச் சொற்களைத் திரட்டி அவர் அதைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய வேலையை ஒரு சம்சாரி செய்தார் என்று வகுப்பில் நாம் சொல்வதுண்டு. ஆயினும் அகராதியைப் புரட்டுவதற்கு முதலில் ஒரு சொல் வேண்டும். கையில் இரும்பை வைத்துக்கொண்டு எந்த எழுத்தில் தேடுவது?

ஆகவே கொல்லுப்பட்டறைக்குப் போனோம். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கொல்லர், "லாரிப் பட்டையில அடிச்சது" என்றார். வண்டி வில்தகட்டின் துண்டு, நல்ல எஃகு. நான்கைந்து முறையாவது காய்ச்சி அடித்து வாய் வாங்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். பெயர் கேட்டபோது, "சுரண்டிதான், ஆனா இவ்வளவு ஒடுக்கமா யாரும் கேக்கமாட்டாங்களே" என்று நிறுத்திக்கொண்டார். களைக்கொத்தி, களைவெட்டி, களைச்சுரண்டி, புல் செதுக்கி என்று பெயர்கள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அலகு அகலமாகவே இருக்கும். ஒரு வீச்சில் எவ்வளவு மண் புரளுகிறதோ அவ்வளவு வேலை மிச்சம்.

பிறகு ஏன் இது ஒடுங்கியிருக்கிறது? விடை மண்ணிலும் பயிரிலும் இருக்கிறது. கரிசல், ஈரத்தில் காலோடு அப்பிக்கொண்டு வரும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே சில நாட்களே களைக்குரிய பதம். அந்நாட்களில் மேல்மண்ணைக் கீறிவிட்டால் களையும் போகும், வெடிப்பும் மூடி உள்ளீரம் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரியில் இந்தக் கீறல் அரைத் தண்ணீருக்குச் சமம் என்பார்கள் சம்சாரிகள். பருத்தி வரிசையாக நிற்கும் காட்டில் அகலச் சுரண்டி போதும். வேளாண் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்த நட்சத்திரச் சக்கரக் களைக்கருவியைக்கூட நின்றவாக்கில் தள்ளிக்கொண்டு போகலாம். மல்லி அப்படியன்று. விதையைக் கைவிதைப்பாகத் தூவிவிட்டால் பயிர் நினைத்த இடத்தில் முளைக்கும்; வரிசை ஏது, இடைவெளி ஏது? அதனூடே கோரை கிளம்பினால் மேலே அறுத்துப் பயனில்லை, கீழேயிருக்கும் கிழங்கு மறுவாரமே தலைநீட்டும். பயிரைச் சாய்க்காமல் இறங்கிக் கிழங்கைத் தோண்டி எடுக்க, இரு விரற்கடை அலகுக்கு மேல் ஆகாது.

(திருக்குறளில் 'களைகட்டல்' என்பது களை எடுத்தல். இன்றைய செய்தித்தாளில் திருவிழாக்கள் 'களைகட்டுகின்றன'. இரண்டு களையும் வேறு. மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்பி நம்மை மகிழ்விப்பார்கள்.)

இந்த மல்லிச் செய்தியை நமக்குச் சொன்னவர் எதிர்வீட்டுப் பாட்டி. கருவியைக் கண்டதுமே, "இது மல்லிக்காட்டுச் சுரண்டில்லா எய்யா" என்றார். வாங்கி அலகின் தேய்ந்த மூலையைப் பெருவிரலால் தடவினார். வழக்கமாகத் தேயும் மூலை அதுவன்று, எதிர்மூலை. "நொட்டாங்கைக்காரி சுரண்டி. ஒங்க பெரியம்மாவுதுதான்" என்றவர், சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல் சட்டென்று அடங்கிவிட்டார்.

நம் தாயாரின் தமக்கை இளமையிலேயே கணவரை இழந்து, கடைசிவரை நம் வீட்டிலேயே இருந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர். நமக்கு நான்கு குறுக்கம் காடு. அதில் பருத்தியும் கம்பும் போட்டதுண்டு, மல்லி ஒருநாளும் விதைத்ததில்லை. நம் வீட்டுப் பெண்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்கு இறங்கியதில்லை என்பது உறவினர் கூடும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. அந்தப் பெருமையில் இடித்துக்கொண்டு நிற்கிறது இந்த ஒரு சாண் இரும்பு.

மெதுவாகக் கேட்டதில் பாட்டி மீதியையும் சொன்னார். 1990களின் இறுதியில், நாம் கல்லூரிக்குப் போய்வந்த ஆண்டுகளில், மழைக்குப் பிந்திய மாதங்களில் விடியுமுன் இருவரும் புறப்படுவார்களாம். நம் ஊரில் அன்று. இரண்டு ஊர் தள்ளி, முகம் தெரியாத காடுகளில். வீட்டில் கீரை பறிக்கப் போவதாகப் பேச்சு. திரும்பும்போது மடி நிறையக் கீரை இருக்கவும் செய்யும். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மல்லிக்குக் களைதானே! களைந்ததைக் காட்டுக்காரர் கேட்கமாட்டார். அந்தக் கீரைக் கடைசலைக் கம்பஞ்சோற்றோடு நாம் உண்டிருக்கிறோம். கூலி எங்கே போயிற்று என்று பாட்டி சொல்லவில்லை. நம் பருவக் கட்டணம் கட்ட எப்போதும் கார்த்திகைக்குப் பிறகே பணம் கிடைக்கும் என்பது நமக்கு நினைவிருக்கிறது.

தாயாரிடம் கருவியைக் காட்டினோம். கையில் வாங்கவில்லை. "அவ கீரைக்குத்தான் போனா" என்றார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், சற்று நேரம் கழித்துத் தலை நிமிராமலே, "மல்லிக்காட்டுல கீரை நல்லா வரும்" என்றார்.

கலப்பையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாட நமக்கு ஓர் ஏரெழுபது இருக்கிறது. குந்திய நிலையில் பெண்கள் பிடித்த இந்தச் சிறு கருவிகளோ ஏடுகளில் ஒற்றைச் சொல்லாக ஒதுங்கிவிட்டன. வீட்டிலும் இறவாரத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. இரண்டாவதற்கு மறதி மட்டும் காரணமன்று என்பது இப்போது நம் துணிபு.

நம் தமிழ்த்துறையில் பழம்பொருள்களுக்கென ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. ஒவ்வொன்றின் கீழும் பெயர், பயன், ஊர், பயன்படுத்தியவர் என்று நான்கு வரி கொண்ட அட்டை வைப்பது வழக்கம். கருவியை அதில் வைக்கலாமா என்று தாயாரைக் கேட்டபோது இரண்டு நாள் விடை இல்லை. மூன்றாம் நாள், "அவ பேரப் போடு. கூலிக்குப் போனான்னு போடாத" என்றார்.

பெயர்: சுரண்டி. பயன்: மல்லிப் பயிரில் கோரைக்கிழங்கு தோண்ட, இடக்கைப் பழக்கமுள்ளவருடையது. ஊர் பெயரும் எழுதினோம். நான்காவது வரியில் பெரியம்மாவின் பெயர் இருக்கிறது.