அலை இல்லாத இடம்

பொங்கலை ஒட்டி நான்கு நாள் விடுமுறை வந்தது. "இந்தத் தடவை கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லை. காரை எடுத்துக்கிட்டுக் கடலோரமாகவே போவோம். கூட்டம் இல்லாத கரையாப் பார்த்து இறங்குவோம்" என்றார் இவர். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, குதித்தாள். பையனுக்கு ஆறு, அக்கா குதிப்பதைப் பார்த்து அவனும் குதித்தான். எங்களோடு இருக்கும் என் அம்மா மட்டும் முறத்தில் இருந்த உளுந்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நான் வீட்டைப் பார்த்துக்கிறேன் மாப்பிள்ளை, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். 1994-ல் என் தம்பிக்கு ஏழு வயது. ஒரு கடற்கரையில் (ஊர்ப் பெயர் வேண்டாமே) முழங்கால் தண்ணீரில் நின்றவனைக் கண்மூடித் திறப்பதற்குள் கடல் இழுத்துப் போய்விட்டது. கட்டுமரத்தில் வந்துகொண்டிருந்த இருவர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். அவன் இன்று கோயமுத்தூரில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அம்மாதான் அன்றோடு கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டாள். திருச்செந்தூர் போனால்கூட முருகனைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"அம்மாச்சி வரலேன்னா நானும் வரலே" என்று பையன் காலைக் கட்டிக்கொண்டதால் கிளம்பச் சம்மதித்தாள். "காரைவிட்டு இறங்கமாட்டேன்" என்ற நிபந்தனையோடு!

பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரையைத் தேர்ந்தெடுப்பது ஜவுளிக்கடையில் புடவை எடுப்பதுபோல அல்ல. கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கிவிட முடியாது. டைரியில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். பார்க்க மட்டும், காலை நனைக்க, வேண்டவே வேண்டாம். 'குளிக்க' என்று ஒரு பத்தி நான் போடவே இல்லை. முரட்டுக் கடலில் குளிக்க நமக்கென்ன வேலை?

இவருக்குத் தனுஷ்கோடிமேல் ஆசை. 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்து, ரயிலும் கடலோடு போன இடம். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது; இரண்டு பக்கமும் கடல், நீரோட்டம் பொல்லாதது. போதாததற்கு மதுரையிலிருந்து கிழக்கே ஒரு மூலைக்கும், தெற்கே ஒரு மூலைக்கும் நான்கு நாளில் ஓடினால் பிள்ளைகள் காரிலேயே வாடிப்போவார்கள். "தனுஷ்கோடி அடுத்த வருஷம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இவர் அரைநாள் பேசவில்லை. பரவாயில்லை, அரைநாள்தானே.

"மே மாதம் போனால் பத்து நாள் கிடைக்குமே" என்றாள் பெண். அதற்கு நான் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டேன். தென்கடலில் அந்தக் காலத்தில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். எங்கோ தெற்கே, இந்துமகா சமுத்திரத்தின் அடியில் அடிக்கும் புயலால் எழும் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. திருடனைப்போலத் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே, மருத்துவம் படித்த இளம் பிள்ளைகள் ஐந்து பேரைக் கொண்டுபோனது இதுதான். இப்போது ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் அன்று காலையில் அதைப் பார்க்காமல் நான் காரில் ஏறவில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும். கிழக்கே ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, தையும் மாசியும்தான் நமக்கு.

எலுமிச்சம்பழ சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டு குடம் தண்ணீர். நாகர்கோவிலில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் முட்டம் போய்ச் சேர்ந்தோம். 'அலைகள் ஓய்வதில்லை' படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறைகளை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்க, அலை மோதி ஆள் உயரத்துக்கும் மேலே சிதறுகிறது. பெண் காமிராவோடு இறங்கத் தொடங்கினாள். மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று சத்தம் போட்டார்.

"எம்மா, பிள்ளைய அங்க விடாதீங்க! பாற கறுப்பா பாசி புடிச்சி இருக்குல்லா, அதுவர கடலுக்க எடமாக்கும். வெளுத்த பாறையில நில்லுங்க."

எவ்வளவு எளிய அடையாளம்! காய்ந்து வெளுத்திருக்கும் பாறையிலும் பத்தடி பின்னால் நின்றே பார்த்தோம். முட்டத்தை 'பார்க்க மட்டும்' பத்தியில் எழுதியது சரிதான் என்று தெரிந்தது. அம்மா காரிலேயே இருந்தாள், கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

கன்னியாகுமரியில் கூட்டம், பல நிற மணலைப் பிள்ளைகள் பொட்டலம் கட்டிக்கொண்டதோடு சரி. அங்கிருந்து உவரிக்குப் போகும் வழியில், கடலைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கரையில் வந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணலில் பள்ளம் விழுந்த இடமாகப் பார்த்து ஒரே பாய்ச்சலாக உள்ளே ஓடும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியான இடம்தான் ஆளை இழுக்கிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது, பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே வரவேண்டும்.

பின்சீட்டில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அலை அடங்கின மாதிரி இருக்கிற இடமா?"

"ஆமாம்மா."

"நான்தான்டி அந்த இடத்தைக் காட்டினேன். 'அங்கே அலையே இல்லை, அங்கே போய் நில்லு'ன்னு தம்பிகிட்டே நான்தான் சொன்னேன். உங்க அப்பாகிட்டே கூட இதைச் சொன்னதில்லை."

இவர் வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். "அத்தை, அந்த இடத்திலே நான் இருந்தாலும் அதைத்தானே காட்டியிருப்பேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருஷமாக நான் இதைப் பயம் என்றே நினைத்திருந்தேன். ஃபிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "போகலாம்" என்றாள்.

உவரியில் நாங்கள் இறங்கவே இல்லை.

மணப்பாடு போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். குன்றின் ஒரு பக்கம் கடல் சீறுகிறது. இன்னொரு பக்கம் கழி. மணல்திட்டு அடைத்துக்கொண்டதால் உள்ளே தேங்கிய தண்ணீர் குளம்போலக் கிடந்தது. என் டைரியில் மணப்பாடு 'காலை நனைக்க' பத்தியில் இருந்தது. இருந்தாலும் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "இந்த ஓரத்துல கணுக்கால் அளவுதான். முகத்துவாரம் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார்.

பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியபடி வந்தாள். தண்ணீர் விளிம்பில் வந்து நின்று கழியைப் பார்த்தாள், தூரத்தில் நுரைத்த கடலையும் பார்த்தாள். பிறகு ஒரு காலை வைத்தாள்.

"சுடுதா அம்மாச்சி?" என்றான் பையன்.

"இல்லைடா, வெதுவெதுன்னு இருக்கு" என்றவள், அவன் கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "உங்க அம்மாவை மாமாவுக்கு ஒரு போன் போடச் சொல்லு. நான் பேசணும்."