மாணவர் என்னும் பெயர்

சொல்லுக்குப் பொருள் கூறுவது ஆசிரியரின் அன்றாடத் தொழில். அச்சொல் எங்கே, யாரால், எதன்பொருட்டுப் பிறந்தது என்று கேட்கும் வேளை நமக்கு அரிதாகவே வாய்க்கிறது. அவ்வாறு கேட்டபோது என்னைத் திடுக்கிட வைத்த ஒரு தொடரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து முதலிய ஆட்டங்களை ஆடும் இளைஞரை அந்நாட்டார் 'ஸ்டூடண்ட் அத்லீட்' என்பர். மாணவ விளையாட்டாளர் என்று நாம் சொல்லலாம். கேட்பதற்கு எவ்வளவு இனிய தொடர்! கல்வியும் ஆட்டமும் ஒருங்கே அமைந்த ஒரு நன்மகனை அது கண்முன் நிறுத்துகிறது. எனினும் அது வகுப்பறையில் பிறந்த தொடர் அன்று. நீதிமன்றத்திற்கு அஞ்சிப் பிறந்த தொடர்.

1955ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தின் சிறு கல்லூரி ஒன்றுக்காக அமெரிக்கக் காற்பந்து ஆடிய ரே டெனிசன் என்பவர் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி உதவித்தொகை கோரினார். கல்லூரிக்காக ஆடி உயிர்நீத்தவர் கல்லூரியின் ஊழியரா, மாணவரா என்னும் கேள்வி எழுந்தது. 1957இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அம்மாதின் கோரிக்கையை மறுத்துவிட்டது. அக்காலத்தில் என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டு மன்றத்தின் நிருவாக இயக்குநராக இருந்தவர் வால்ட்டர் பையர்ஸ். 1951 முதல் 1987 வரை அப்பொறுப்பை வகித்தவர் அவர். ஆட்டக்காரரை ஊழியர் என்று எவரும் கருதிவிடலாகாதே என்னும் அச்சத்தினால்தான் அத்தொடரை உருவாக்கி எங்கும் வழங்கச் செய்ததாக, ஓய்வுபெற்ற பின்னர் 1995இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார்.

இங்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. படிப்பதற்காக வழங்கப்படும் தொகையை நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்றனர். நம் நாட்டில் இன்றும் முதியோர் வாயில் அச்சொல் உண்டு. உபகாரமும் சம்பளமும் எவ்வாறு ஒன்றாகும் என்று மாணவர் என்னைக் கேட்டதுண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றைப் படித்தால் அதற்கு விடை கிடைக்கும். ஆட்டக்காரருக்குக் கல்விக் கட்டணமும் உணவும் உறைவிடமும் உபகாரம் என்னும் பெயரால் அளிக்கப்பட்டன. ஆனால் 1973இல் அவ்வுதவியை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஏற்பாடாக மன்றம் மாற்றியமைத்தது. முழங்கால் முறிந்தவனுக்கும், பயிற்றுநரின் உள்ளத்தில் இடம் இழந்தவனுக்கும் அடுத்த ஆண்டு உதவி உண்டு என்னும் உறுதி இல்லை. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்கலாம் என்னும் விதி 2012இல்தான் மீண்டது. வேலை நின்றால் நிற்பது சம்பளமன்றோ?

ஆட்டத்தின் பிறப்பு எளியது. 1891இல் மாசசூசெட்சு மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர் கூரையின்கீழ் ஆடுவதற்கென்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை மாட்டித் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த கல்லூரிப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்கு 2010இல் தொலைக்காட்சி நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை 1,080 கோடி அமெரிக்க வெள்ளி. 2016இல் மேலும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி வெள்ளிக்கு அது நீட்டிக்கப்பட்டது. (இக்கட்டுரையில் வெள்ளி என்பது அமெரிக்க வெள்ளியையே குறிக்கும்.) இத்துணைப் பணம் புழங்கும் இடத்தில், 2014இல் வாகை சூடிய கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் தாம் பசியோடு படுப்பதாகச் செய்தியாளரிடம் சொன்னார். சில நாள்களிலேயே ஆட்டக்காரருக்கு உணவு வரம்பின்றி வழங்கலாம் என்று மன்றம் விதியைத் தளர்த்தியது.

பணம் ஆட்டக்காரனைத் தேடி வந்த வழி காலணி வழி. 1970களின் இறுதியில் சானி வக்காரோ என்னும் மனிதர் நைக்கி நிறுவனத்திற்கு ஒரு யோசனை சொன்னார். ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்தால் விதிமீறல். பயிற்றுநருக்குக் கொடுத்தால் அஃது ஒப்பந்தம். பயிற்றுநர் பணம் பெறுவார். அவர் பிள்ளைகள் இலவசக் காலணி அணிந்து ஆடுவர். தொலைக்காட்சி அக்காலணியை நாடெங்கும் காட்டும். எவரும் எந்த விதியையும் மீறவில்லை. பின்னர்ப் போட்டி மிகுந்தபோது, காலணி நிறுவனங்கள் கல்லூரியினின்று இறங்கி உயர்நிலைப் பள்ளிக்கும், கோடை விடுமுறை அணிகளுக்கும் வந்தன. பதினைந்து வயதுப் பையன் எந்த நிறுவனத்தின் கோடை அணியில் ஆடுகிறானோ, அந்நிறுவனம் ஆதரிக்கும் பல்கலைக்கழகத்திற்கு அவனை ஆற்றுப்படுத்தி, பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகும்போது அவன் கையொப்பத்தையும் பெற்றுவிடலாம் என்பது கணக்கு. ஆற்றுப்படை பாடிய புலவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இவ்வலையில் சிறுவர் எவ்வாறு அகப்படுகின்றனர் என்பதை 1994இல் வெளிவந்த 'ஹூப் டிரீம்ஸ்' என்னும் ஆவணப்படத்தில் கண்டேன். சிகாகோ நகரின் இரண்டு ஏழைக் கறுப்பினச் சிறுவர்களை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த படம் அது. இருவரையும் புறநகரிலுள்ள கட்டணப் பள்ளி ஒன்று ஆட்டத்திற்காகச் சேர்த்துக்கொள்கிறது. வில்லியம் கேட்சின் பங்குக் கட்டணத்தை ஏற்க ஒரு புரவலர் கிடைக்கிறார். ஆர்தர் ஏஜிக்குக் கிடைக்கவில்லை. அவன் ஆட்டம் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. கட்டணம் நிலுவையில் நின்றதனால் ஆண்டின் நடுவே அவன் பள்ளியை விட்டு நீங்குகிறான். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடனைத் தீர்க்கும்வரை அவன் படித்த பாடங்களின் சான்றிதழைத் தர இயலாது என்று பள்ளி நிறுத்திவைக்கும் காட்சி இருக்கிறதே, அதை ஆசிரியர் எவரும் எளிதில் மறக்க முடியாது. பந்து ஆடுவதற்காக அழைத்து வரப்பட்டவனின் படிப்புதான் அடகுப் பொருளாயிற்று.

புரவலர் என்று எழுதினேன். நம் இலக்கியத்தில் அதைவிட உயர்ந்த பெயர் உண்டோ? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் விதிநூலிலோ அவர் நெடுங்காலம் ஐயத்திற்குரிய மனிதர். டெட்ராய்ட்டு நகரத்து எட் மார்ட்டின் என்பவர் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே சட்டவிரோதக் குலுக்கல் நடத்திப் பொருள் சேர்த்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆட்டக்காரருக்கு 616,000 வெள்ளி கொடுத்ததாக அவர் 2002இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகம் 1992, 1993ஆம் ஆண்டுகளின் வெற்றிக் கொடிகளை அரங்கத்தினின்று இறக்கியது. அவ்வாட்டங்களைக் காண விற்ற நுழைவுச் சீட்டின் பணத்தை இரசிகருக்கு எவரும் திருப்பித் தரவில்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2017ஆம் ஆண்டு வழக்கு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் லூயிவில் பல்கலைக்கழகமும் அடிடாஸ் நிறுவனமும் பத்தாண்டுகளுக்கு 16 கோடி வெள்ளி ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தன. மறுமாதம் 26ஆம் நாள் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு வழக்கறிஞர் அலுவலகம் பத்துப் பேர்மீது குற்றம் சாட்டியது. அவர்களுள் நால்வர் பல்வேறு கல்லூரிகளின் துணைப் பயிற்றுநர்கள். ஒருவர் அதே அடிடாஸ் நிறுவனத்தின் அதிகாரி ஜேம்ஸ் கேட்டோ. பிரையன் போவன் என்னும் இளைஞனை லூயிவில்லில் சேர்ப்பதற்காக அவன் தந்தைக்கு ஒரு இலட்சம் வெள்ளி தர ஏற்பாடு செய்தனர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தலைமைப் பயிற்றுநர் ரிக் பிட்டினோ குற்றம் சாட்டப்படவில்லை. எனினும் பதவி இழந்தார். 2018 அக்டோபரில் கேட்டோவும் மற்றிருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கேட்டோவுக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை.

இதில் ஏமாற்றப்பட்டவர் யார் தெரியுமா? சட்டத்தின் கண்ணில் பல்கலைக்கழகம்தான். விதியை மீறிய ஓர் ஆட்டக்காரனுக்கு, அறியாமல் உபகாரச் சம்பளம் அளித்து அது நட்டப்பட்டதாம். அதே நிறுவனத்திடம் 16 கோடி பெற ஒப்புக்கொண்ட கல்விக்கூடம், அந்நிறுவனத்தின் ஒரு இலட்சத்தால் வஞ்சிக்கப்பட்டது என்பதை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். சட்டம் கற்றோர்க்கு அது விளங்கலாம். குற்றம் சாட்டப்படாத போவன், கல்லூரிக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி அணியில் சேர்ந்து ஊதியத்திற்கு ஆடினான்.

பின்னர்க் காற்று திசை மாறியது. கல்வி தொடர்பான உதவிகளுக்கு மன்றம் வரம்பு கட்டியது செல்லாது என்று 2021 ஜூன் 21ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஜூலை முதல் நாள்தொட்டு, தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்து ஆட்டக்காரர் பொருளீட்டலாம் என மன்றமும் இணங்கியது. 2022இல் ஜான் ரூயிஸ் என்னும் தொழிலதிபரின் நிறுவனம், கன்சாசிலிருந்து மயாமி பல்கலைக்கழகத்திற்கு மாறிய நைஜெல் பேக் என்பவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 8 இலட்சம் வெள்ளியும் ஒரு காரும் தருவதாக ஊரறிய அறிவித்தது. மார்ட்டின் மறைத்துச் செய்ததையும், கேட்டோ சிறை சென்றதற்குக் காரணமானதையும் நினைத்துக்கொண்டு அச்செய்தியைப் படித்தேன். இது சேர்க்கைக்காகத் தரும் பணம் அன்று, விளம்பரத்திற்காகத் தருவது என்பர். விதிநூலில் அவ்வேறுபாடு இருக்கிறது.

2023 பிப்ரவரியில், அமெரிக்காவின் நடுமேற்கில் பயிலும் என் தமக்கை மகனைக் காணச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை ஆட்டத்திற்கு அழைத்துச் சென்றான். கார் விற்பனை நிலையம் ஒன்றின் விளம்பரப் பலகையில் ஆட்டக்காரர் ஒருவரின் முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. "அவர் என் வகுப்புத்தான், மாமா. நான் வாரத்திற்கு இருபது மணி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், வெளியில் ஒரு காசு சம்பாதித்தாலும் விசா போய்விடும்," என்றான். அவன் குரலில் பொறாமை இல்லை; கணக்குத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரருக்கும் நிலைமை அதுவே என்பதை அன்றுதான் அறிந்தேன். காங்கோ நாட்டினரும், 2022இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் எனப் பாராட்டப்பட்டவருமான ஆஸ்கார் ஷீப்வே, கென்டக்கி அணி பகாமாஸ் தீவுக்குச் சென்ற சில நாள்களில் விளம்பர வேலைகளைச் செய்து முடித்தார். அமெரிக்க மண்ணில் நின்று செய்தால் மாணவர் விசாவுக்கு ஆபத்து. ஆட்டம் ஆட அழைத்த நாடு, அதன் பயனைத் தீவிற்குச் சென்று பெற்றுக்கொள் என்கிறது!

பணம் உழைத்தவன் கைக்கு வருவதை நான் குறை கூறமாட்டேன். தந்தையின் கையில் மேசைக்கடியில் திணிப்பதைவிட, மகன் பெயரில் வரி கட்டிப் பெறுவது மேல். ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் ஓர் உறுத்தல் உண்டு. விலை பேசுவதற்கு வசதியாக, ஆட்டக்காரர் ஆண்டுதோறும் கல்லூரி மாறவும் இப்போது வழி திறந்திருக்கிறது. நான்காண்டில் நான்கு வளாகம் காண்பவனுக்கு எந்த ஆசிரியர் பெயர் நினைவிருக்கும்? 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முன்னாள் ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 280 கோடி வெள்ளி இழப்பீடு. 2025–26ஆம் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வருவாயிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் வெள்ளி வரை நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம். ஆயினும் அந்த உடன்பாடு அவர்களை ஊழியர் என்று சொல்லவில்லை.

அச்சொல்லைக் கேட்டவர்கள் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து மாணவர்கள். அங்கு ஆட்டத்திற்காக உபகாரச் சம்பளம் கிடையாது. 2024 பிப்ரவரியில் தொழிலுறவு வாரியத்தின் வட்டார இயக்குநர், அவர்கள் பெறும் காலணி, உடை, நுழைவுச் சீட்டு முதலியவற்றை ஊதியத்தின் தன்மை உடையனவாகக் கருதி, அவர்களை ஊழியர் என முடிவு செய்தார். மார்ச் மாதம் 13க்கு 2 என்னும் வாக்கில் அவர்கள் சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். கல்லூரி, அவர்கள் மாணவரே என்று கூறிப் பேச்சு வார்த்தைக்கு வர மறுத்தது. ஆட்சி மாறினால் வாரியமும் மாறி, பாதகமான தீர்ப்பு வரக்கூடும் என எண்ணி, தொழிற்சங்கம் அவ்வாண்டு டிசம்பர் இறுதி நாளில் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது.