சத்து எங்கே போகும்?

நெல்லிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. அரவை நடக்கும் மாதங்களில் காற்றே சொல்லிவிடும், இது சர்க்கரை ஆலை ஊர் என்று. அப்படிப்பட்ட இனிப்பான ஊரில் என் அப்பா சாப்பாடே கசக்கிறது என்று படுத்திருந்தார்.

வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். எடை 55 கிலோ. ‘புரோட்டீன் ஏறணும், இல்லாட்டி புண்ணும் ஆறாது, தசையும் கரைஞ்சிடும்’ என்று டாக்டர் ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார். கடலூரில் வாங்கினேன். கடைக்காரர் பில்லோடு ஒரு அறிவுரையும் தந்தார்: ‘சூடா எதுலயும் கலந்துடாதீங்க சார், சத்து செத்துடும்.’

அம்மாவுக்கு அது வேதவாக்கு. தினமும் பச்சைத் தண்ணீரில் கலக்கினாள். கட்டி கட்டியாக மிதந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, ‘சுண்ணாம்புத் தண்ணியாட்டம் இருக்குடி’ என்பார். மீதி கொல்லையில் முருங்கை மரத்துக்குப் போகும். மூன்று வாரத்தில் அப்பா இளைத்தார். முருங்கை தளதளவென்று இருந்தது.

சத்து உண்மையிலேயே செத்துவிடுமா? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. அந்த மாலை சுருண்டு மடிந்து கிடக்கிறது. சூடு பட்டால் சுருள் அவிழும். மணிகள் கழன்று விழுவதில்லை. நம் வயிறும் குடலும் எப்படியும் மாலையை அறுத்து மணிகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அடுப்பு அந்த வேலையில் பாதியை முன்கூட்டியே செய்து தருகிறது, அவ்வளவுதான். முட்டையைப் பாருங்கள். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51தான்.

அப்படியானால் கொதிக்கிற பாலில் போட்டால் ஏன் திரிகிறது? பவுடர்களில் பல, சீஸ் செய்யும்போது பால் திரிந்து மிஞ்சும் தண்ணீரிலிருந்து எடுக்கப்படுபவை. அந்தப் புரதம் 70 டிகிரிக்கு மேல் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. கெடுவது வழவழப்பு, சத்து அல்ல. சேர்த்திருக்கும் சில வைட்டமின்கள் வேண்டுமானால் சூட்டில் கொஞ்சம் குறையும்.

நிஜமாகவே புரதம் நஷ்டமாகும் இடம் ஒன்று உண்டு. பாலில் உள்ள சர்க்கரையோ, வெல்லத்தில் உள்ள குளுக்கோஸோ புரதத்தோடு சேர்ந்து நெடுநேரம் சூடாகும்போது நிறம் சிவந்து, வாசனை தூக்கும். திரட்டுப்பாலின் ரகசியம் அதுதான். 1912-ல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை விளக்கினார். அப்போது லைசின் என்ற மணி கொஞ்சம் வீணாகும். அரிசியிலும் கோதுமையிலும் ஏற்கெனவே குறைவாக இருப்பது அதுதான். ஆகவே பொன்னிறம் போதும். கருக விட வேண்டாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ‘இதை முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?’ என்றாள். மறுநாள் முதல் பவுடரை இளஞ்சூட்டுப் பாலில் குழைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியில் கலந்தாள். அடை மாவில் ஒரு கரண்டி போட்டாள். அப்பா அடையை மட்டும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது.

கோடை வந்ததும் குல்ஃபி. ‘ஐஸானா சத்து இருக்குமா?’ என்று அடுத்த சந்தேகம். இருக்கும். குளிர் மணிகளை உடைப்பதில்லை. மெதுவாக உறைந்தால் ஐஸ் பெரிய பெரிய படிகமாகி நாக்கில் நறநறக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது கரன்ட் கட்டுக்குத்தான். பல மணி நேரம் கரன்ட் போய், உருகி வெதுவெதுப்பான குல்ஃபியைத் திரும்ப உறைய வைத்துக் கொடுக்காதீர்கள். குளிரில் கிருமி தூங்குகிறது, சாவதில்லை. ஆபரேஷன் ஆன பெரியவருக்கு அது விளையாட்டல்ல.

இன்னொன்று. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்குப்படி ஆரோக்கியமான ஒருவருக்கு, கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் போதும். அப்பா எடைக்கு 46 கிராம். பருப்பு, பால், முட்டை, மீன் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு டப்பா தேவையில்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கணக்கு வேறு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டப்பாவைத் தொடவே வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் சத்து சூட்டிலும் போகவில்லை, குளிரிலும் போகவில்லை. சாப்பிடாத டம்ளரில்தான் போனது. நோயாளிக்குப் பிடித்த மாதிரி எதில் கலந்தாலும் சரி, உள்ளே போனால்தான் அது சத்து.

அப்பா இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறார். முருங்கை மரம்தான் கொஞ்சம் வாடியிருக்கிறது.