சம்பளம் வந்தது, கார்டு?

சம்பளம் உயர்ந்ததற்காக வருத்தப்படும் குடும்பம் உலகத்தில் உண்டா என்று கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை எங்கள் அனுமந்தன்பட்டியிலேயே, அதுவும் என் சொந்தத் தமக்கையின் வீட்டிலேயே கண்டேன்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை திராட்சை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலில் தொங்கும் பழத்தின் கீர்த்தி இப்படி. பந்தலுக்கு அடியில் நின்று பாடுபடுகிறவனின் ஸ்திதி வேறு. கவாத்து வெட்டும் நாளில் கூலி உண்டு. பழம் பறிக்கும் நாளில் கூலி உண்டு. மற்ற நாட்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் தமக்கை விதவை. அவளுடைய ஒரே மகன் இந்தக் கூலியில்தான் தாயைக் காப்பாற்றி வந்தான்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சொத்து இருந்தது. அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை. ஊரில் எல்லோரும் சுருக்கமாகக் 'கார்டு' என்பார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய அத்திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் முதலில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டியிருந்தது; பிற்பாடு அந்த வரம்பை 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தைச் சர்க்காரே செலுத்திவிடுகிறது.

தமக்கைக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்து, கார்டிலேயே ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லி, ஒரு மாதம் கழித்துத் தேதியும் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தேனிக்கு அப்பாலுள்ள ஒரு நூற்பாலையில் பையனுக்கு வேலை கிடைத்தது. மாதம் 12,000 ரூபாய் சம்பளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது. கார்டின் வரம்பை 24,000 ரூபாய் தாண்டிவிட்டது!

"தம்பி, இவன் வேலைக்குப் போறது இருக்கட்டும். கார்டு போயிருச்சுன்னா என்னைய யாரு பாக்கப் போறா?" என்றாள் தமக்கை.

"வேலை வேணாம் மாமா. பந்தல் வேலையே போதும்" என்றான் பையன்.

இருபத்து நாலு வயதுப் பிள்ளை, நிரந்தரமான சம்பளத்தை வேண்டாமென்று சொல்வதற்குச் சோம்பல் காரணமல்ல. தாயின் உயிர் காரணம். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. வறுமையிலிருந்து மேலே ஏறுகிறவன், ஏறுவதற்காகவே தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

நான் பள்ளிக்கூடத்து வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் மனு எழுதுவதும் விதிகளைப் படித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்த வேலைகள். ஆகவே மறு நாளே ஆலைக்குப் போய், தொழிலாளர்களுக்கு என்ன வைத்திய உதவி உண்டு என்று விசாரித்தேன். இ.எஸ்.ஐ. உண்டு என்றார்கள்.

தொழிலாளர் அரசு காப்பீடு என்னும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இலேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டு வந்தார். நம் நாட்டில் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944-இல் இதைப் பற்றி அறிக்கை தயாரித்தார். சுதந்திரம் வந்த எட்டாவது மாதத்தில், 1948 ஏப்ரலில், சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் ஜவஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பஞ்சமும் பிரிவினையும் நாட்டை வாட்டிய நாட்களிலும், தறியடியில் நின்றவனுடைய காய்ச்சலைப் பற்றி நினைக்க நம் பெரியவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது!

2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவிகிதமும் முதலாளி 3.25 சதவிகிதமும் செலுத்த வேண்டும். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் பையனிடம் பிடிப்பது 90 ரூபாய். ஆலை போடுவது 390 ரூபாய். வேலையில் சேர்ந்த நாள் முதலே அவனுக்கும், அவனை நம்பியிருக்கும் தாய்க்கும் வைத்தியம் கிடைக்கும். ஆனால் பெரிய ஆபரேஷன் போன்ற உயர் சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருந்தது. பழைய குடையை மடக்கியாயிற்று, புதுக் குடை இன்னும் விரியவில்லை என்றால் மழை யாருக்காகக் காத்திருக்கும்?

ஆலை மானேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். "ஐயா, தாயாருக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வரட்டும், தம்பி ஏப்ரல் முதல் தேதி சேரட்டும்" என்றார். அன்று அந்தக் குடும்பம் கார்டுக்கு முழு உரிமையுள்ள குடும்பமாகவே இருந்தது. எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷன் நடந்தது. தமக்கை பிழைத்தாள். சொன்ன தேதியில் பையன் வேலையில் சேர்ந்தான்.

இரண்டு திட்டங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அடுத்த ஆண்டு மாசி மாதத்தில்தான் எங்களுக்கு விளங்கிற்று. பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் படுத்துவிட்டான். பந்தல் வேலையில் இருந்திருந்தால், கார்டு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டிருக்கும், அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்காது. ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பாதி நோய் என்றால், மற்றப் பாதி கூலி நின்றுபோவது. இ.எஸ்.ஐ.யிலோ, வைத்தியரின் அத்தாட்சியின் பேரில், சராசரித் தினக் கூலியில் 70 சதவிகிதம் ரொக்கமாகக் கிடைத்தது. முதல் இரண்டு நாளுக்கு இல்லை. மீதிப் பதினெட்டு நாளுக்கும் உண்டு. ஆண்டுக்கு 91 நாள் வரையில் இப்படிப் பெறலாம். புதிதாகச் சேர்ந்தவனுக்கு இந்த உரிமை ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். பையனுக்கு இரண்டும் பொருந்தின. அந்தப் பணம் வங்கியில் வந்து விழுந்த அன்று, "இது யார் குடுத்த தருமம் தம்பி?" என்று கேட்டாள் தமக்கை. "தருமமில்லை அக்கா. உன் மகன் மாதாமாதம் கட்டிய 90 ரூபாய்" என்றேன். அவள் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை.

இதனால் இ.எஸ்.ஐ. குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரிலிருந்து மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனை 100 கிலோமீட்டருக்கு மேல். வேலை போனால் காப்பும் சில காலத்தில் போய்விடும். 2017 ஜனவரியில் நிர்ணயித்த வரம்பின்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சந்தாக் காலம் முடிகிற வரையில்தான் இடமுண்டு; அப்புறம் முதலாளி தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதில் பெற்றோருக்கு இடம் உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்களையெல்லாம்விடப் பரிதாபத்துக்குரியவன் ஒருவன் இருக்கிறான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கடையில் மாதம் 11,000 ரூபாய் வாங்குகிற கணக்குப் பிள்ளை அவன். வருமானம் அதிகமென்று கார்டு இல்லை. கடை சிறிது என்று இ.எஸ்.ஐ.யும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது ஒன்றே அவனுக்கு ஆறுதல். சம்பளம் ஒரு ரூபாய் வரம்பைத் தாண்டியதும் அட்டை பறிபோகும் என்ற நிலையை மாற்றி, அடுத்த காப்பு முழுதாகக் கைக்கு வரும் வரையில் பழையது நீடிக்கும் என்று ஏற்பாடு செய்தால் சர்க்காருக்கு என்ன பெரிய நஷ்டம் வந்துவிடும்?

இதைப் படிப்பவர்களில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இருப்பார்கள். புது வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார்களும் இருப்பார்கள். முன்னவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆள் சேர்ந்த முதல் நாளே அவன் பெயரைப் பதிவு செய்யுங்கள், பிடித்த சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். பின்னவர்களுக்கு ஒரு யோசனை: சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, காப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதில் அம்மாவுக்கு இடமுண்டா என்று இரண்டு கேள்விகளையும் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.