படியாத தாள்



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நான் என் காலில் கற்றேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, தொடை முதல் கணுக்கால் வரை தோல் உரிந்தது. வலி தாளாமல், உணர்வை மரக்கச் செய்யும் களிம்பைப் புண்ணின் மீதே தடிப்பாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினேன். வலி அடங்கியது. ஆயினும், சற்று நேரத்தில் காது இரைந்தது, நாக்கு மரத்தது, தலை சுழன்றது. என் துணைவியார் களிம்பைத் துடைத்து, மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றார்.

"லிடோகைன் தோலோடு நிற்பதில்லை ஐயா, இரத்தத்திலும் கலக்கும். புண்பட்ட தோலும் மூடிய கட்டும் அதனை மிகுதியாக உட்செலுத்தும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும்," என்றார் மருத்துவ உதவியாளர்.

குழந்தைகளுக்கு இடர் இன்னும் பெரிது. பென்சோகைன் என்னும் மருந்தால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உதடுகள் நீலம் பாரிக்கக்கூடும். ஆதலால், இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் ஈறுகளில் அதனைப் பூசலாகாது என 2018ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

வினாவைப் படித்தபின் விடை எழுதுக என்று நாள்தோறும் கூறும் நான், மருந்துப் பெட்டியிலிருந்த தாளைப் படிக்கவில்லை. நீங்களேனும் படியுங்கள், விளங்காவிடில் கேளுங்கள்.